ஆலயத்து மூலிகைகளும் அவற்றின் கிருமி எதிர்ப்புச் சக்தியும்

சைவ வழிபாட்டில் இலைக்கும் பூவுக்கும் வேருக்கும் தனியிடம் உண்டு. சிவனுக்கு வில்வம், விஷ்ணுவுக்குத் துளசி, அம்பாளுக்கு வேப்பிலையும் மஞ்சளும் என்று முன்னோர் வகுத்து வைத்தனர். மலையகத் தோட்டங்களின் மாரியம்மன் ஆலயங்களில் வேப்பிலைத் தோரணமும் மஞ்சள் நீரும் இல்லாத திருவிழா கிடையாது. தீர்த்தச் செம்பில் துளசியும் ஏலமும் கராம்பும் பச்சைக் கற்பூரமும் சேர்கின்றன. இவை யாவும் பக்தியின் அடையாளங்கள் என்பதோடு, ஒவ்வொன்றும் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் இரசாயனச் சேர்வைகளைத் தன்னுள்ளே கொண்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவ்விடயத்தில் இன்று இரு வகைக் கருத்துகள் நிலவுகின்றன. இளைஞர் சிலர் இவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகின்றனர். வேறு சிலரோ, மஞ்சளும் வேப்பிலையும் இருக்க வைத்தியசாலை எதற்கு என்று கூறிக் காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கின்றனர். முதலாவது கருத்தால் அறிவு அழிகிறது. இரண்டாவதால் உயிரே போகக்கூடும். இரண்டுக்கும் நடுவே உண்மை எங்கே நிற்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிருமியும் செடியும்

பற்றீரியா என்பது ஒரே ஒரு கலத்தால் ஆன உயிர். ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் ஏறத்தாழ ஆயிரம் பற்றீரியாக்களை வரிசையாக நிறுத்தலாம். எல்லாப் பற்றீரியாக்களும் தீயவை அல்ல. பாலைத் தயிராக்குவதும் பற்றீரியாவே. ஆனால் காயத்தைச் சீழ் பிடிக்க வைப்பதும், நெருப்புக்காய்ச்சல், காசநோய், ஏற்புநோய், எலிக்காய்ச்சல் போன்றவற்றைத் தருவதும் பற்றீரியாக்களே.

செடிகளையும் பற்றீரியாவும் பூஞ்சணமும் தாக்குகின்றன. மனிதனைப் போல ஓடி ஒளியவோ கைகழுவவோ செடியால் முடியாது. எனவே அது தன் இலையிலும் பட்டையிலும் வேரிலும் காவலுக்கென்று சில இரசாயனங்களை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. வேம்பின் கசப்பு, கராம்பின் காரம், துளசியின் மணம், மஞ்சளின் நிறம், தேயிலையின் துவர்ப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் இத்தகைய சேர்வைகளே. செடி தன்னைக் காக்கச் செய்ததை மனிதன் தனக்கும் பயன்படுத்திக்கொண்டான்.

மஞ்சள்

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான பொருள் குர்க்குமின் எனப்படும். 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெற்றியர் ஆகிய இருவரும் இதனை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தனர். இது கிருமிகளை எதிர்க்கும் என்பதற்கான ஆய்வு 1949இல் ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் வெளியானது. பற்றீரியா ஒன்று இரண்டாகப் பிரிந்தே பெருகும். அவ்வாறு பிரிவதற்குத் தேவையான புரதம் ஒன்று ஒழுங்காகச் சேரவிடாமல் குர்க்குமின் தடுக்கிறது என்பதை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2008இல் எடுத்துக்காட்டினர்.

காயத்துக்கு மஞ்சள் இடும் வழக்கத்தைத் தமது கண்டுபிடிப்பு எனக் கூறி அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தினர் 1995இல் காப்புரிமை பெற்றனர். இந்திய அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்து வழக்காடியது. இது பாட்டிமார் காலங்காலமாகச் செய்து வருவது என்பதற்குப் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டிய பின், 1997இல் அக்காப்புரிமை இரத்துச் செய்யப்பட்டது. முன்னோர் அறிவு எழுதி வைக்கப்பட்டிருந்ததாலேயே அது காப்பாற்றப்பட்டது என்பதை இங்கு கவனித்தல் வேண்டும்.

வேம்பு

வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பிடின் முதலிய கசப்புப் பொருட்களை சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் விஞ்ஞானி 1942இல் முதன்முதலில் பிரித்தெடுத்தார். பற்றீரியா, பூஞ்சணம், பூச்சிகள் ஆகிய மூன்றையும் எதிர்க்கும் பொருட்கள் வேம்பில் உள்ளன. வேப்பங்குச்சியால் பல் துலக்கும் பழக்கம் இதனாலேயே பயன் தந்தது.

அம்மை கண்டவர் படுக்கையில் வேப்பிலை இடுவது வழக்கம். கொப்புளிப்பான் வைரசால் வருவது. அது பற்றீரியா அன்று. ஆகவே வேப்பிலை அம்மையைக் குணமாக்கும் என்று கூற முடியாது. ஆனால் கொப்புளங்களை நகத்தால் சொறிந்தால் அந்தப் புண்ணில் பற்றீரியா புகுந்து சீழ் பிடிக்கும். நகத்துக்குப் பதிலாக வேப்பிலைக் கொத்தால் மெல்லத் தடவிக்கொடுத்த முன்னோர் செயலில் நல்ல காரணம் இருந்தது.

அதே வேம்பின் எண்ணெயைக் கைக்குழந்தைக்கு உள்ளே கொடுப்பது பெரும் ஆபத்தாகும். மலேசியாவில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில், சிறு பிள்ளைகளுக்கு வேப்பெண்ணெய் கொடுத்ததால் வாந்தி, வலிப்பு, மயக்கம் ஏற்பட்டு மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை அந்நாட்டு வைத்தியர்கள் 1981இல் மருத்துவ இதழில் எழுதினர். தோலுக்கு நல்லது எல்லாம் வயிற்றுக்கும் நல்லது அன்று.

துளசி, கராம்பு, கறுவா, வெள்ளைப்பூண்டு

துளசியிலும் கராம்பிலும் யூஜினோல் என்னும் எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. கராம்பு எண்ணெயில் பெரும்பகுதி இதுவே. பற்றீரியாவின் மென்சவ்வை இது துளைத்துவிடுவதால் உள்ளே இருப்பவை வெளியே கசிந்து கிருமி இறக்கிறது. பல்வலிக்குக் கராம்பு வைக்கும் வழக்கம் இன்று பல் வைத்தியரிடமும் உண்டு. பல்லைத் தற்காலிகமாக அடைக்கும் பசை ஒன்று நாக ஒட்சைட்டையும் யூஜினோலையும் குழைத்தே செய்யப்படுகிறது.

இலங்கையின் கறுவா மரம் இன்னும் வியப்பானது. அதன் பட்டையில் சினமல்டிகைட்டு, இலையில் யூஜினோல், வேர்ப்பட்டையில் கற்பூரம் என ஒரே மரம் இடத்துக்கு ஒன்றாக வெவ்வேறு காவலர்களை நிறுத்தியுள்ளது.

வெள்ளைப்பூண்டில் அல்லிசின் என்னும் கந்தகச் சேர்வை உண்டு. 1944இல் கவலிற்றோ, பெய்லி ஆகிய இருவர் அமெரிக்காவில் இதனைக் கண்டறிந்தனர். முழுப் பூண்டில் அல்லிசின் இல்லை. பல்லை நசுக்கும்போது உள்ளே வெவ்வேறாக இருந்த இரு பொருட்கள் கலந்து அது உண்டாகிறது. முழுப் பல்லாகவே வேகவைத்தால் அதனை உண்டாக்கும் நொதியம் அழிந்துபோகும். பூண்டைத் தட்டிப் போடு என்று பெரியவர்கள் சொன்னதன் பொருள் இதுதான்.

வில்வம்

ஊவாவின் தாழ்ந்த உலர்ந்த பகுதிகளில் வில்வம் நன்கு வளர்கிறது. வில்வப் பிஞ்சை அவித்து வயிற்றோட்டத்துக்குக் கொடுப்பது பழைய வைத்தியம். மும்பையில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று வியப்பான முடிவைத் தந்தது. வில்வக் கஷாயம் வயிற்றோட்டப் பற்றீரியாக்களைக் கொல்லவில்லை. ஆனால் அவை குடலின் சுவரில் ஒட்டிக்கொள்வதையும், நஞ்சு சுரந்து தாக்குவதையும் குறைத்தது. ஆக, கிருமியைக் கொல்வது மட்டுமே மருந்தின் வேலை அன்று.

மரமஞ்சள்

காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு சேர்த்து அவிக்கும் மரமஞ்சளைச் சிங்களத்தில் வெனிவெல் என்பர். தடித்த கொடியாக வளரும் இதன் தண்டில் பேர்பெரின் என்னும் மஞ்சள் நிற அல்கலொயிட் இருக்கிறது. இது கிருமியின் உள்ளே புகுந்து அதனைக் கெடுக்கவல்லது. ஆனால் பற்றீரியாவும் இலேசுப்பட்டதன்று. புகுந்த நஞ்சை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பி போன்ற அமைப்பு அதனிடம் உண்டு. கிணற்றில் சேரும் நீரை மோட்டார் இறைப்பது போல, உள்ளே வந்த பேர்பெரினை அது வெளியேற்றிவிடும்.

பேர்பெரின் கொண்ட வேறு சில செடிகளை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், அச்செடிகளில் இரண்டாவது பொருள் ஒன்றும் இருப்பதை 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். அது தனியே கிருமியைக் கொல்லாது. ஆனால் அந்தப் பம்பியை அடைத்துவிடும். அதன் பின் பேர்பெரின் தன் வேலையைச் செய்கிறது. செடி முழுவதையும் அவிக்கும் நாட்டு வைத்திய முறைக்கு இதுபோன்ற காரணங்கள் இருக்கலாம் என விஞ்ஞானிகள் இன்று ஆராய்கின்றனர்.

தேயிலை

மலையக மக்களின் கைபடும் தேயிலைச் செடியும் இவ்வரிசையில் சேர்ந்ததே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்டது முதல் எத்தனையோ தலைமுறைகள் கொழுந்தெடுத்துவிட்டன. ஆனால் அக்கூடையில் இருக்கும் இரசாயனம் எது என்று அறிந்தோர் சிலரே. இளங்கொழுந்தின் உலர் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பொலிபீனோல் வகைப் பொருட்கள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை கட்டெக்கின்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமான பகுதியில்தான் இவை மிக அதிகம். முற்றிய இலையில் குறைவு. தேயிலை ஸ்டோரில் கொழுந்தை அரைத்து ஒட்சியேற விடும்போது கட்டெக்கின்களில் பெரும்பகுதி மாறி, சாயத்துக்கு நிறமும் சுவையும் தரும் வேறு பொருட்களாகின்றன.

1906ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய இராணுவ வைத்தியர் மக்னோட் என்பவர், தேநீரில் இடப்பட்ட நெருப்புக்காய்ச்சல் கிருமிகள் அழிவதைக் கண்டு எழுதினார். படைவீரர்களின் தண்ணீர்ப் போத்தல்களில் தேநீரை நிரப்பிச் செல்லலாம் என்பது அவர் யோசனை. பின்னர் 1980களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கட்டெக்கின்கள் பல வகைப் பற்றீரியாக்களை எதிர்ப்பதை விரிவாகக் காட்டினர். பற்சிதைவை உண்டாக்கும் பற்றீரியா பல்லில் ஒட்டுவதையும் இவை குறைக்கின்றன.

எனினும் தேநீரால் கிடைத்த மிகப் பெரிய நன்மை கட்டெக்கினால் வந்ததன்று, நீரைக் கொதிக்கவைத்ததால் வந்தது. பீலித் தண்ணீரை அப்படியே குடிக்காமல் கொதிக்கவைத்துச் சாயம் போட்டுக் குடித்தவர் பல நோய்களிலிருந்து தப்பினார். இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயம், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். இரத்தச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துத் தேநீர் குடிப்பது நல்லது.

சோதனைத் தட்டும் மனித உடலும்

ஒரு செடிக்குக் கிருமி எதிர்ப்புச் சக்தி உண்டு என்று எவ்வாறு கண்டறிகிறார்கள்? ஏகார் எனப்படும் கூழை வட்டத் தட்டில் உறைய வைத்து, அதன் மேல் பற்றீரியாவைத் தடவுவார்கள். செடியின் சாற்றில் தோய்த்த சிறு காகித வில்லையை நடுவில் வைப்பார்கள். மறுநாள் தட்டு முழுவதும் பற்றீரியா படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் காணப்பட்டால், அந்தச் சாறு கிருமியைத் தடுத்தது என்பது பொருள். கிருமி வளராமல் தடுக்க மிகக் குறைந்தது எவ்வளவு பொருள் வேண்டும் என்பதையும் அளப்பர்.

இந்த அளவில்தான் விடயமே இருக்கிறது. வைத்தியசாலையில் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பெரும்பாலும் ஒரு லீற்றரில் 10 மில்லிகிராமோ அதற்கும் மிகக் குறைவாகவோ இருந்தாலே கிருமியைத் தடுத்துவிடும். செடிகளின் சேர்வைகளுக்கோ பொதுவாக ஒரு லீற்றருக்கு 100 முதல் 1000 மில்லிகிராம் வரை தேவை. வலிமையில் பத்து மடங்கும் நூறு மடங்கும் அதற்கு மேலும் வேறுபாடு உண்டு.

உதாரணமாக மஞ்சளை எடுத்துக்கொள்ளலாம். தைவானில் 2001இல் வெளியான ஆய்வில் நாளொன்றுக்கு 8 கிராம் தூய குர்க்குமின் உட்கொண்டவர்களின் குருதியில்கூட, அது லீற்றருக்கு ஒரு மில்லிகிராமை எட்டவில்லை. மஞ்சளில் குர்க்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு எனக் கொண்டால், 8 கிராம் பெறுவதற்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும். அவ்வாறு தின்றாலும் குருதியில் இருக்கும் கிருமியை அது கொல்லப்போவதில்லை.

மற்றொரு தடையும் உண்டு. 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் கிராம் என்பவர் சாயமேற்றும் முறையொன்றால் பற்றீரியாக்களை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒரு வகைக்கு வெளிப்புறத்தில் மேலும் ஒரு சவ்வு, வீட்டுக்கு இரட்டைக் கதவு போல, இருக்கிறது. செடிகளின் சேர்வைகள் பலவற்றால் அதனைத் தாண்ட முடிவதில்லை. நெருப்புக்காய்ச்சல் கிருமி இந்த வகையைச் சேர்ந்தது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு எளியது. தோலின் மேலும், வாயினுள்ளும், பாத்திரத்திலும், உணவிலும் செடியின் சேர்வை நேரடியாகக் கிருமியைத் தொடுகிறது. அங்கே அது பயன் தருகிறது. கிருமி குருதியிலோ சுவாசப்பையிலோ மூளையிலோ புகுந்துவிட்டால் அங்கே போய்ச் சேர அதனால் இயலாது. வாசலைக் காக்கும் காவல்காரனிடம் வீட்டுக்குள் பற்றிய தீயை அணைக்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது.

செடியே மருந்தானபோதும் அது அளவறிந்து தரப்பட்டதாலேயே மருந்தானது. ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது சிங்கோனா என்னும் கொயினா மரத்தை வளர்ப்பதற்காகவே. மஞ்சளில் குர்க்குமினைக் கண்ட அதே பெல்லெற்றியரும் கவன்தூ என்பவரும் 1820இல் கொயினாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்த பின்னரே, மலேரியாவுக்கு எவ்வளவு கொடுப்பது என்று திட்டமாகச் சொல்ல முடிந்தது.

அடங்காத கிருமிகள்

பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். மருந்தைக் குறைந்த அளவில் எடுத்தால் கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்பதே அது. இன்று அதுவே நடந்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் தெரிவித்தது.

ஐந்து நாளைக்கு என்று தந்த மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்துவது, மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது, சளிக்கெல்லாம் மருந்துக் கடையில் நேரே கேட்டு வாங்குவது ஆகிய பழக்கங்கள் இந்நிலைக்குக் காரணமாகின்றன. இதனால்தான் உலகெங்கும் விஞ்ஞானிகள் மீண்டும் செடிகளின் பக்கம் திரும்பியுள்ளனர். பழைய மருந்துக்குத் துணையாக நின்று கிருமியின் பம்பியை அடைக்கும் பொருள் செடிகளில் கிடைக்குமா என்று தேடுகின்றனர். செடியை மருந்துக்கு எதிராளியாகக் கருதாமல் துணையாகக் கொள்வதே இன்றைய அறிவியலின் வழி.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கவ்வாத்துக் கத்தி வெட்டு, அட்டைக்கடி முதலிய சிறு காயங்களை முதலில் கொதித்தாறிய நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவ வேண்டும். கடைத் தூளைத் திறந்த காயத்தில் இடலாகாது. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை பன்மடங்கு ஏறியபோது கலப்படமும் பெருகியது. பூசைக்கு விற்கும் தூள் காயத்துக்கோ உணவுக்கோ உரியதன்று.

2. மண் பட்ட ஆழமான காயத்துக்கு ஏற்பு ஊசி அவசியம். ஏற்புநோய்க் கிருமி மண்ணிலேயே இருக்கிறது. மரமஞ்சள் கஷாயம் ஊசிக்கு ஈடாகாது.

3. துளசி இட்டதால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. தீர்த்தத்துக்கும் கொதித்தாறிய நீரையே எடுத்து, அதில் துளசி சேர்ப்பது நன்று.

4. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு வாங்கினாலும் உடனே கொஸ்லந்தை வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். கைக்குழந்தையாயின் முதல் நாளே செல்லல் வேண்டும். கொத்தமல்லிக் கஷாயம் கொடுத்திருந்தால் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

5. வைத்தியர் தந்த நுண்ணுயிர்க்கொல்லியைச் சொன்ன நாள் வரை முழுமையாக எடுக்க வேண்டும்.

6. வேப்பெண்ணெய், கராம்பு எண்ணெய், கற்பூரம் ஆகியவற்றைக் குழந்தைகளுக்கு உட்கொள்ளக் கொடுக்கவே கூடாது.

நிறைவுரை

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் ஏற்பட்ட மண்சரிவு லயன் வீடுகளை மூடியது. அவற்றையொட்டி இருந்த வீட்டுத் தோட்டங்களும் அதனோடு மண்ணுக்குள் போயின. உயிர் தப்பிய குடும்பங்கள் பின்னர் மக்கல்தெனியவில் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்குச் சென்றன. வீடு மீண்டும் கட்டப்படலாம். எந்த இலை எதற்கு, எவ்வளவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அறிந்திருந்த முதியவர்களின் அறிவை மீண்டும் கட்டுவது எளிதன்று. அரைகுறையாக எஞ்சும் அறிவே ஆபத்தானது.

ஆகவே ஆலய நந்தவனங்களில் துளசி, மஞ்சள், ஆடாதோடை, வேம்பு, வில்வம் ஆகியவற்றுள் அந்தந்த மண்ணுக்கு ஏற்றதை நட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரையும் பயனையும், முக்கியமாக அதன் எல்லையையும், எழுதி வைத்தல் வேண்டும். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் முதியவர்களிடம் கேட்டு எழுதினால் அது பெரும் தொண்டாகும். மஞ்சள் காப்புரிமை வழக்கை வென்று தந்ததும் எழுதி வைக்கப்பட்ட அறிவே அல்லவா?

அம்பாளின் வேப்பிலையும் வைத்தியரின் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இலைக்குள் கசப்பை வைத்ததும், அதை ஆராயும் அறிவை மனிதனுக்குத் தந்ததும் ஒரே சக்திதான். எல்லாம் வல்ல அன்னையின் திருவருளால் அனைவரும் நோய் நொடியின்றி நீடு வாழ்வார்களாக.